முந்தானையில் முடிந்த சாவி

கல்யாணமாகி வந்த புதிதில் நான் மாமியாருக்குப் பயந்ததைவிட அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். வாசல் கதவு, கொல்லைக் கதவு, பீரோ, மரப்பெட்டி, சாமான் அறை என்று ஏழெட்டுச் சாவிகள். அத்தை நடந்தால் கொத்தும் கூடவே பேசிக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் பத்திரிகையைப் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்வேன்!

மூத்தவள் பிறந்து, பிறந்த வீட்டிலிருந்து நான் திரும்பி வந்த அன்று அந்தக் கொத்தை என் கையில் கொடுத்தார். "இனிமே நீ பாத்துக்கோம்மா" என்றார். அவ்வளவுதான். சாவியைக் கொடுப்பது பெரிதல்ல, அதைத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் பெரிது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது நான் குற்றாலத்தில் ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன் தோழியரே. அதற்கு முன் ஒரு சின்ன சண்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டு வாசல் சாவியின் மாற்று ஒன்று எதிர் வீட்டுப் பாட்டியம்மாவிடம் இருக்கிறது என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருநாள் கோலப்பொடி வாங்கப் போனவள், அவர்கள் சுவாமி அறையில் எங்கள் வீட்டுச் சாவி மஞ்சள் நூல் கட்டித் தொங்குவதைப் பார்த்துவிட்டேன். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஊர் உலகத்திலே எவ்வளவு திருட்டு நடக்குது! நகை நட்டு இருக்கிற வீட்டுச் சாவியை யாராவது அடுத்தவங்க கையிலே கொடுப்பாங்களா அத்தே? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அத்தை பதிலுக்குக் கோபப்படவில்லை. "நாப்பது வருஷப் பழக்கம்மா. சரி, நீ சொன்னா வாங்கிடறேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் இரண்டு மூன்று நாட்கள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இது நடந்து ஒரு வருஷம் கழித்து, 2024 ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்துக்குக் கிளம்பினோம். எங்கள் ஊர் திருமங்கலம். என்னவர், அத்தை, ஒன்பது வயது மூத்தவள், நாலு வயதுச் சின்னவன், நான். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டோம். ராஜபாளையத்தில் ஒரு ஓட்டலில் அத்தை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு மூன்று இட்லி சாப்பிட்டார். அவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. கடைசி நாலு வருஷமாகக் காலையும் இரவும் ஊசி. புளியங்குடி, கடையநல்லூர் தாண்டியதும் மலைமேல் மேகம் இறங்கி நிற்க, பொடிப் பொடியாகச் சாரல் கண்ணாடியில் விழ ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு ஒரே குதி!

ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் நன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் அதிகமானால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். எங்கள் அதிர்ஷ்டம், அன்று தடை இல்லை. வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். "அருவிக்குப் போறோம், போன் எதுக்கு? நனைஞ்சு போயிடும்" என்று இரண்டு போன்களையும் வண்டிக்குள்ளேயே வைத்தோம். மாற்றுத் துணி, பணப்பை, அத்தையின் மருந்துப் பை, சாப்பாட்டுக் கூடை, எல்லாமே உள்ளே. எண்ணெய் வாங்க இருநூறு ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியைப் பூட்டினோம்.

என்னவர் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அரை நிஜாரோடு நின்றார். அதில் பை இல்லை. "இந்தா, இதை முந்தானையிலே முடிஞ்சுக்கோ" என்று சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். நானும் பழைய நூல் புடவையின் தலைப்பில் இரண்டு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். என் அம்மா அப்படித்தான் காசு முடிந்து வைத்துக்கொள்வாள். அவளுடைய காசு ஒருநாளும் தொலைந்ததில்லை. ஆனால் அவள் அந்த முடிச்சோடு ஐந்தருவியில் போய் நின்றதில்லையே!

பெண்கள் பக்கம் அத்தையை ஒரு கையாலும் மூத்தவளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்தேன். அருவியில் நின்றவர்களுக்குத் தெரியும். தலையில் விழுவது தண்ணீரா கல்லா என்றே தெரியாது. உடம்பு வலியெல்லாம் யாரோ அடித்து விரட்டுகிற மாதிரி இருக்கும். அரை மணி நேரம் உலகத்தையே மறந்து நின்றோம். வெளியே வந்து தலையைத் துவட்டலாம் என்று முந்தானையை எடுத்தேன். முடிச்சு இல்லை. சாவியும் இல்லை.

ஒரு நிமிஷம் எனக்குக் காது அடைத்துப் போயிற்று. திரும்பவும் தண்ணீருக்குள் ஓடினேன். விஷயம் தெரிந்த ஒரு பெண் போலீஸ் விசில் ஊதிக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்தார். முன்பின் தெரியாத பத்துப் பெண்கள் என்னோடு சேர்ந்து காலால் தடவித் தடவித் தேடினார்கள். இரண்டு ஹேர்பின், ஒரு சோப்பு டப்பா, ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசு, இவை கிடைத்தன. எங்கள் சாவி எந்தப் பாறை இடுக்கில் போயிற்றோ!

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த ஒரே வளையத்தில்தான் கார் சாவி, வீட்டு வாசல் சாவி, பீரோ சாவி மூன்றும் இருந்தன. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் சௌகரியம் என்று நான்தான் அப்படிக் கோர்த்து வைத்திருந்தேன்.

என்னவர் முகம் சிவந்துவிட்டது. "ஒரு சாவியைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா உனக்கு?" என்று நாலு பேர் நடுவில் சத்தம் போட்டார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அருவியிலே குளிக்கப் போறவ கையிலே ஏன் கொடுத்தீங்க?" என்று நானும் கத்தினேன். சின்னவன் அழ ஆரம்பித்தான். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார். "சாவிதான் போச்சு. நாக்கும் போக வேண்டாம். ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார்.

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. ஈரத்தால் குளிர்கிறது என்று நினைத்தேன். அருகில் போய்ப் பார்த்தால், அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வேர்வை! கை வெடவெடவென்று ஆடிற்று. "என்னமோ கண்ணைக் கட்டுதும்மா" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழே முக்காலுக்கு மூன்று இட்லி சாப்பிட்டவர். பதினோரு மணிக்கு அவர் வழக்கமாகச் சாப்பிடும் சுண்டலும் மோரும் வண்டிக்குள் இருந்தன. இப்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஊசி போட்ட உடம்பு, அருவியில் நின்ற களைப்பு வேறு. சர்க்கரை இறங்குகிறது! இப்படி நேரும்போது கொடுப்பதற்கென்றே குளுக்கோஸ் பொட்டலம் மருந்துப் பையில் வைத்திருந்தேன். பை கண்ணாடிக்குப் பின்னால் கண்ணெதிரே தெரிந்தது. எடுக்க வழியில்லை.

என்னவர் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியை உடைக்கப் போய்விட்டார். நான் அதற்குக் காத்திருக்கவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்கு அத்தையை நடத்திக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைத்தேன். கடைக்கார அக்காவிடம், "பாலில்லாமே ஒரு டம்ளர்லே மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுத் தண்ணி கலக்கிக் கொடுங்கக்கா, சீக்கிரம்" என்றேன். காசைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தா தாயி, மெதுவா குடி" என்று அத்தையின் வாயருகே அவரே டம்ளரைப் பிடித்தார்.

இங்கே ஒரு விஷயம். வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருந்தால் இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். (முந்தானையில் வேண்டாம்!) சர்க்கரை இறங்கினால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, பார்வை மங்கல், காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் இவையெல்லாம் வரும். உடனே சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் பொறுத்துப் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை. பால்கோவா, சாக்லெட் மாதிரி நெய்யும் கொழுப்பும் சேர்ந்த இனிப்புகள் அந்த நேரத்துக்கு ஏற்றவை அல்ல. அவை ரத்தத்தில் சேர நேரமாகும். தெளிந்த பிறகு வெறுமனே விடாமல் ஆகாரம் ஏதாவது கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. புரையேறிவிடும். 108-க்குப் போன் செய்துவிட வேண்டியதுதான்.

கால் மணி நேரத்தில் அத்தையின் நடுக்கம் அடங்கியது. முகத்தில் களை வந்தது. கடைக்கார அக்கா இரண்டு வாழைப்பழமும் பன்னும் கொடுத்தார். தன் வீட்டுத் துண்டைக் கொண்டுவந்து அத்தையின் தோளில் போர்த்தினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதற்குள் வண்டி நிறுத்துமிடத்துக்காரர் என்னவரின் கையிலிருந்த கல்லை வாங்கிக் கீழே போட்டுவிட்டார். "கண்ணாடியை உடைச்சா மழையிலே என்ன செய்வீங்க அண்ணாச்சி? தென்காசியிலே சாவி போடுறவர் இருக்கார், நான் போன் போடுதேன்" என்றார். பக்கத்து ஊர்தானே, அந்த மனிதர் அரை மணியில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

வந்தவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது உங்க வண்டிதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" ஆர்.சி. புத்தகமும் வண்டிக்குள்தான் இருக்கிறது! கடைசியில் அந்தப் பெண் போலீஸை அழைத்து வந்து நிறுத்தி, "திறந்ததும் முதல் வேலையா ஆர்.சி.யைக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். நியாயமான மனிதர். கேட்காமலே திறந்து கொடுக்கிறவரை நம்பக்கூடாது என்று அன்று புரிந்துகொண்டேன்.

காற்று அடிக்கும் சின்னப் பை ஒன்றைக் கதவு இடுக்கில் செருகி ஊதினார். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தது. நீளக் கம்பியை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். கதவு திறந்தது. கூடவே வண்டி 'ஓ'வென்று அலற ஆரம்பித்தது! மரத்திலிருந்த குரங்குகள் அத்தனையும் தலைதெறிக்க ஓட, அழுதுகொண்டிருந்த சின்னவன் கைகொட்டிச் சிரித்தான். அரை நிமிஷம் கத்திவிட்டுத் தானாக ஓய்ந்தது.

மருந்துப் பை, துணி, போன், சாப்பாடு எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஆனால் அவர் சொன்னார்: "கதவைத் திறந்து தந்துட்டேன். வண்டி கிளம்பாது, பாத்துக்கிடுங்க. இந்தக் காலத்துச் சாவித் தலைக்குள்ளே பொடி சைஸ்லே ஒரு சிப் இருக்கும். அதை வண்டியிலே இருக்கிற கம்ப்யூட்டர் அடையாளம் பாக்கும். நம்ம ஆளுன்னு தெரிஞ்சாத்தான் இன்ஜினுக்கு உத்தரவு கொடுக்கும். நான் இதே மாதிரி பல்லு வெட்டி ஒரு சாவி செஞ்சு தந்தாலும் பூட்டுத்தான் திரும்பும், வண்டி ஓடாது. ஞாயித்துக்கிழமை கம்பெனி ஷோரூமும் கிடையாது. வீட்டிலே ரெண்டாவது சாவி இருக்குமே, அதை வரவழைங்க."

இரண்டாவது சாவி இருந்தது. திருமங்கலத்தில். பூட்டிய வீட்டுக்குள். அந்த வீட்டுச் சாவியோ ஐந்தருவிப் பாறைக்குள்!

"பூட்டை உடைச்சுத்தான் எடுக்கணும். யாரைக் கூப்பிடறது?" என்று என்னவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் நின்றேன். அத்தை பெஞ்சிலிருந்து என்னை ஜாடை காட்டி அருகில் அழைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கோவிச்சுக்காதேம்மா. எதிர் வீட்டு அக்காகிட்டேயிருந்து சாவியை வாங்கிடச் சொன்னே. நான் வாங்கலே. போய் நின்னேன். கேக்க வாய் வரலே. அவகிட்டேதான் இருக்கு."

தோழியரே, அந்த நேரத்தில் என் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நான் அவர் காலில் விழ வேண்டிய நேரத்தில், அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

எதிர் வீட்டு நம்பர் எங்கள் இருவர் போனிலும் இல்லை. எதிர் வீடுதானே, குரல் கொடுத்தால் போதுமே என்று வாங்கியதில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் வீட்டு லேண்ட்லைன் எண்ணை ஒப்பித்தார். வருஷக் கணக்காக மாறாத எண். முதல் மணியிலேயே பாட்டியம்மா எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், "அடிப் பாவி, உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு கல்லூரியில் படிக்கும் பேரனை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்.

அவன் உள்ளே போய், "எங்கே இருக்கு அத்தே?" என்று போனில் கேட்டான். என்னவர் பீரோவில் என்றார். எனக்குத் திக்கென்றது, பீரோ சாவியும்தான் போய்விட்டதே! அப்புறம்தான் நினைவு வந்தது. சமையலறையில் மேல் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. ஊக்கு, பட்டன், நூல்கண்டு போட்டு வைத்திருப்பேன். பீரோவைச் சுத்தம் செய்த அன்று கார் சாவியை அதில் போட்டது ஞாபகம் வந்தது. "எதை எடுத்தாலும் சமையல் டப்பாவிலே போடுறியே" என்று என்னவர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். அன்று அவர் வாயே திறக்கவில்லை!

"யார்கிட்டேயாவது கொடுத்தனுப்பினா வழியிலே தவறிடும். நானே பஸ் ஏறி வர்றேன்" என்றான் அந்தப் பிள்ளை. ஒன்றரைக்கு ஏறியவன், தென்காசியில் இறங்கி வேறு பஸ் பிடித்து, ஐந்தரை மணிக்கு எங்கள் எதிரே வந்து நின்றான். வண்டி ஒரே திருகில் கிளம்பிற்று. அவனை ஐந்தருவியில் ஒரு குளியல் போட வைத்துவிட்டுத்தான் அழைத்து வந்தோம். டீக்கடை அக்கா அத்தைக்குக் கொடுத்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் கையில் பால்கோவா டப்பாவைத் திணித்துவிட்டு வந்தோம்.

இரவு ஏழரைக்குத் தென்காசியில் அத்தை நேரம் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட்டார். வீடு வரும்வரை என் மடியில் தலைவைத்துத் தூங்கினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஊர் திரும்பிய பிறகு நாங்கள் செய்தவற்றையும் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

1. கார் சாவி, வீட்டுச் சாவி, பீரோ சாவி மூன்றையும் ஒரே வளையத்தில் கோர்க்காதீர்கள். ஒன்று போனால் எல்லாம் போகும். வெளியூர் போகும்போது கார்ச் சாவி ஒருவரிடமும் அதன் மாற்று இன்னொருவரிடமும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் போடுவதில் பிரயோசனமில்லை.

2. அருவி, கடல், ஆறு எங்கே போனாலும் ஒருவர் மாற்றி ஒருவர் கரையில் உட்காருங்கள். சாவி அவரிடம் இருக்கட்டும். ரிமோட் சாவி நனைந்தால் தொலையாமலே கெட்டுப்போகலாம்.

3. மருந்தை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கைப்பையில் வையுங்கள். முக்கியமாக இன்சுலின். எங்களுக்குச் சாரலும் மர நிழலும் துணை செய்தன. வெயிலில் பூட்டி நிற்கும் வண்டி சீக்கிரமே அடுப்பாகிவிடும், மருந்து வீணாகிவிடும்.

4. அதைவிட முக்கியம், குழந்தையை வண்டிக்குள் விட்டு ஐந்து நிமிஷம்கூட இறங்காதீர்கள். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவு பூட்டிக்கொண்டால்? குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிதாகப் பயனில்லை. அப்படி ஒருவேளை நேர்ந்துவிட்டால் சாவிக்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம். குழந்தை உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தூரமான பக்கத்துக் கண்ணாடியை உடைத்துவிடுங்கள். கண்ணாடி மறுபடி கிடைக்கும்.

5. சாவி பூட்டுக்குள் முறிந்து போனால் பசை தடவி இழுப்பது, இன்னொரு சாவியை விட்டுக் குத்துவது எதுவும் வேண்டாம். துண்டு உள்ளே போய்விடும். நுனி வெளியே தெரிந்தால் மட்டும் சின்ன இடுக்கியால் நேராக இழுத்துப் பாருங்கள். முறிந்த இரண்டு துண்டையும் பத்திரப்படுத்துங்கள். அதைப் பார்த்தே புதுச் சாவி வெட்டிவிடலாம். சிப் இருப்பது பிளாஸ்டிக் தலைப்பாகத்தில் என்பதால் அதைத் தூர எறிந்துவிடாதீர்கள்.

6. பட்டனை அமுக்கினால் கிளம்பும் வண்டியில், சாவியின் பாட்டரி தீர்ந்துவிட்டால் பயப்படாதீர்கள். பெரும்பாலானவற்றில் அதற்குள்ளேயே ஒளிந்தபடி ஒரு சின்ன இரும்புச் சாவி இருக்கும். கதவைத் திறக்கலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் காட்டியுள்ள இடத்தில் சாவியை ஒட்டிப் பிடித்தால் வண்டியும் கிளம்பும். நிதானமாக ஒருநாள் வீட்டு வாசலிலேயே இதைப் பழகிப் பாருங்கள்.

7. அந்தச் சாவிக்குள் போடும் காசு மாதிரியான பாட்டரி குழந்தைகளுக்கு எமன். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். பழைய பாட்டரியை மாற்றியதும் டேப் சுற்றி எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

8. சாவி தொலைந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்கும் மாற்றுச் சாவி வாங்கவும் கேட்கலாம். இன்சூரன்ஸ் போடும்போதே சாவி தொலைந்தால் ஈடு கொடுக்கும் பிரிவும் வழியில் உதவும் பிரிவும் உண்டா என்று கேளுங்கள். எங்களுக்கு அது இல்லை. புதுச் சாவிக்கு ஆறாயிரத்துச் சொச்சமும் பத்து நாளும் ஆயிற்று. தொலைந்த சாவியின் அடையாளத்தை வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கவும் சொல்லிவிட்டோம். எவர் கையிலாவது அது கிடைத்தாலும் வண்டி கிளம்பாது.

9. நாலு டெலிபோன் எண்களையாவது மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். போனில் இருக்கும் எண்கள் போனோடு போய்விடும். எங்கள் மூத்தவள் இப்போது வாய்ப்பாடு மாதிரி ஐந்து எண்கள் ஒப்பிக்கிறாள்.

வாசல் பூட்டையும் பீரோப் பூட்டையும் அடுத்த நாளே மாற்றினோம். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி கொடுத்தார்கள். ஒன்று என்னவருக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவதை என்ன செய்வது என்று என்னவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மஞ்சள் நூல் ஒரு முழம் எடுத்து அதில் கட்டினேன். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்து, அத்தையையும் கூட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

பாட்டியம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "என்னடி விசேஷம்?" என்றார்.

"ஒண்ணுமில்லே பாட்டி. எங்க வீட்டுச் சாவி. உங்ககிட்டேயே இருக்கட்டும்" என்றேன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. சுவாமி அறை வரைக்கும் வந்து, ஆணியில் அது சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.